ஒரு அணி, நான்கு ஊர், ஒரு குத்தகைப் பத்திரம்

"சந்திப்பு மலருக்கு நீயும் ஏதாவது எழுதி அனுப்பணும்" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது நான் தயங்கினேன். "எனக்கு என்னய்யா எழுதத் தெரியும்? நான் பி.காம். படிச்சு, ஆயுசு பூரா கணக்கு எழுதினவன்" என்றேன். "அங்கே இத்தனை வருஷமா இருக்கியே, பார்த்ததை எழுது. விடுதி நினைவுகளையே எல்லாரும் எழுதி அனுப்பினா மலர் தாங்காது" என்றார். அவர் சொன்னதும் நியாயந்தான். ஆகவே இட்லியில் கல் கிடந்த கதையை வேறு யாராவது எழுதட்டும். நான் என் ஊரை விட்டுப் போன ஒரு விளையாட்டு அணியைப் பற்றி எழுதுகிறேன்.

'என் ஊர்' என்று நான் சொல்வது கலிபோர்னியாவில் உள்ள ஓக்லண்ட் பக்கத்து ஃப்ரிமாண்ட். 1987இல் அங்கே குடிபோனேன். விளையாட்டு, பேஸ்பால். கிரிக்கெட்டின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டை உண்டு, பந்து உண்டு, ரன் உண்டு. ஐந்து நாள் கிடையாது, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடும், அதில் 81 சொந்த ஊரில். அதாவது ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பாதி நாள் ஊரில் திருவிழா. அணி ஊரோடு எப்படி ஒட்டிப்போகும் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இன்றைய மாணவர்களுக்கு ஐ.பி.எல். தெரியும். 2016, 2017 இரண்டு வருஷம் சென்னை அணி இல்லாமல் இருந்தபோது எப்படி இருந்தது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அது திரும்பி வந்துவிட்டது. திரும்பி வராமலே போனால்? அமெரிக்காவில் அது பல ஊர்களுக்கு நடந்திருக்கிறது. ஒரே அணி மூன்று ஊர்களுக்கு அதைச் செய்திருக்கிறது. அந்த அணியின் பெயர் அத்லெட்டிக்ஸ்.

பெரியவர் சொன்ன செய்தி

நான் போய்ச் சேர்ந்த புதிதில் எனக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் புரியவில்லை. 1989 அக்டோபரில், இறுதிப் போட்டியில் ஓக்லண்டும் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சான்பிரான்சிஸ்கோவும் மோதின. மூன்றாவது ஆட்டம் தொடங்க இருந்த நேரத்தில், அக்டோபர் 17 மாலை ஐந்து மணிக்குப் பூகம்பம். நான் ஒரு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பத்து நாள் கழித்து ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஓக்லண்ட் நான்கு ஆட்டத்திலும் ஜெயித்தது. அந்தப் பத்து நாளில் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்துக்கொண்டு, நடுவே பேசியதெல்லாம் அந்த அணியைப் பற்றித்தான். நானும் அதில் ஒருவனானேன்.

ஆபீசில் பெருமையாக, "நம்ம டீம் ஜெயிச்சிடுச்சு!" என்றேன். பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர், கன்சாஸ் சிட்டிக்காரர். சிரித்துக்கொண்டே, "அது எங்க டீம் தம்பி. எங்ககிட்டேர்ந்து நீங்க எடுத்துக்கிட்டு வந்தது" என்ற பொருளில் ஏதோ சொன்னார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் ஊர்க்காரர்களும் அதை இன்னொருவரிடமிருந்து எடுத்து வந்தவர்கள்தான்.

முதலில் ஃபிலடெல்ஃபியா. 1901இல் அங்கேதான் அத்லெட்டிக்ஸ் பிறந்தது. கானி மேக் என்ற ஒரே மனிதர் 1950 வரை, ஐம்பது பருவங்கள் அதை நடத்தினார். ஐந்து முறை உலகப் பட்டம் வாங்கியது. கடைசிக் காலத்தில் குடும்பத்துக்குள் தகராறு, கடன், தொடர் தோல்வி. 1954இல் வருஷம் முழுவதும் வந்த கூட்டம் சுமார் 3 லட்சம்தான். அதே ஊரில், அதே மைதானத்தில் ஃபிலீஸ் என்ற இன்னொரு அணியும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு இறுதியில் ஆர்னால்ட் ஜான்சன் என்ற தொழிலதிபர் அத்லெட்டிக்ஸை வாங்கிக் கன்சாஸ் சிட்டிக்குக் கொண்டுபோனார்.

கன்சாஸ் சிட்டி நகராட்சி பழைய மைதானத்தை வாங்கி, சில மாதங்களில் இரண்டு அடுக்காகக் கட்டித் தந்தது. 1955இல் ஏறத்தாழ 13 லட்சத்து 90 ஆயிரம் பேர் வந்தார்கள். ஆனால் அணி அந்த ஊரில் ஆடிய 13 வருஷத்தில் ஒரு வருஷம்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் காட்டவில்லை. ஜான்சன் 1960இல் இறந்தார். அடுத்து வாங்கியவர் சார்லி ஃபின்லி, சிகாகோ பக்கத்து இன்சூரன்ஸ் வியாபாரி. வாங்கிய கொஞ்ச நாளிலேயே வேறு ஊர் தேடத் தொடங்கினார். 1967 ஜூனில் அந்த வட்டார மக்கள் புது மைதானம் கட்டக் கடன் வாங்கலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஃபின்லிக்கு ஓக்லண்ட் போக அனுமதி கிடைத்தது. ஓட்டுப் போட்ட மை காயவில்லை!

அந்த மாநில செனட்டர் கடுமையாக மிரட்டிய பிறகு, 1969இல் கன்சாஸ் சிட்டிக்கு ராயல்ஸ் என்ற புது அணி கொடுத்தார்கள். பெரியவர் சொன்னார்: "புதுசு கொடுத்தாங்க, சரி. செத்துப்போன நாய்க்குப் பதிலா வேற நாய்க்குட்டி கொடுத்த மாதிரி." அன்றைக்கு எனக்கு அது முழுசாகப் புரியவில்லை.

சந்தை சிறிசா, பெரிசா?

அணி போகும்போதெல்லாம் முதலாளிமார் சொல்லும் காரணம் ஒன்றே: "இந்த ஊர்ச் சந்தை சின்னது, கட்டுப்படியாகவில்லை." கணக்கு எழுதின புத்தி எனக்கு. அதனால் இதைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

காரணம் முழுப் பொய் அல்ல. ஐ.பி.எல்.லில் டி.வி. பணத்தில் பெரும்பகுதி பொதுவாக வந்து பங்கு பிரியும். பேஸ்பாலில் நாடு தழுவிய ஒளிபரப்புப் பணம்தான் பொது. பெரும்பாலான ஆட்டங்களை அந்தந்த அணி தன் ஊர் டி.வி.க்குத் தனியாக விற்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணி 2013இல் 25 வருஷத்துக்குப் போட்ட ஒப்பந்தம் 800 கோடி டாலருக்கு மேல். சிறிய ஊர் அணிக்கு அது கனவு. அதனால்தான் இப்போது ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இதே ஓக்லண்டைப் பாருங்கள். ஃபின்லி 1972, 73, 74 என்று தொடர்ந்து மூன்று பட்டம் வாங்கினார். பிறகு நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். 1979இல் வந்த கூட்டம் 3 லட்சத்து 6 ஆயிரம். 1980இல் அணியை வாங்கியவர் வால்டர் ஹாஸ், லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனிக் குடும்பம். ஊருக்குச் செய்கிற கடமை என்று நினைத்துச் செலவு செய்தார். 1990இல் வந்தவர்கள் 29 லட்சம் பேர். அதே ஊர், அதே மைதானம், அதே சந்தை. பதினோரு வருஷத்தில் மாறியது யார்? முதலாளி.

ஹாஸ் 1995இல் இறந்தார். அணி கைமாறியது. 2002இல் அதன் ஆட்டக்காரர் சம்பளம் சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 12 கோடிக்கு மேல். இரண்டு அணியும் அந்த வருஷம் 103 ஆட்டங்களில் ஜெயித்தன. 'மணிபால்' சினிமா பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். 2005இல் கேப் துணிக்கடைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஃபிஷரும் அவர் கூட்டாளியும் வாங்கினார்கள். 2023இல் வந்த கூட்டம் 8 லட்சத்து 32 ஆயிரம். கேப் கடை 1969இல் தொடங்கியபோது விற்றது லீவைஸ் ஜீன்ஸ்தான் என்பது ஒரு வேடிக்கை. அந்தக் குடும்பமும் துணி, இந்தக் குடும்பமும் துணி. ஊருக்குக் கிடைத்தது மட்டும் வேறு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பொதுவிலிருந்து சிறிய சந்தைகளுக்குப் போகும் பங்கை, 2016 ஒப்பந்தத்தில் ஓக்லண்டுக்குப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஏன்? சான்பிரான்சிஸ்கோ வட்டாரம் 'பெரிய சந்தை'யாம்! 2022இல் மறுபடி கொடுத்தார்கள். கடைசியில் போவதற்கு முடிவு செய்த லாஸ் வேகாஸோ டி.வி. சந்தைக் கணக்கில் எங்கள் வட்டாரத்தைவிட மிகச் சின்னது. சின்ன சந்தை என்று சொல்லிக் கிளம்பியவர்கள் அதைவிடச் சின்ன சந்தைக்குப் போகிறார்கள். கணக்கு எங்கேயோ இடிக்கிறது அல்லவா?

வேலி போட்ட நிலம்

இடிப்பதற்குக் காரணம், சந்தை என்பது தானாக இருப்பது அல்ல, பேஸ்பால் முதலாளிகள் வேலி போட்டுப் பிரித்துக்கொண்டது. எந்த ஊர் எந்த அணிக்கு என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றத் தொழிலில் இப்படிச் செய்தால் ஏகபோகத் தடைச் சட்டத்தின்படி வழக்கு வரும். பேஸ்பாலுக்கு மட்டும் 1922இல் உச்ச நீதிமன்றம் விலக்குக் கொடுத்தது. இது மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வர்த்தகம் ஆகாது என்றார்கள். 1972இல் அதே நீதிமன்றம், இந்த விலக்கு முரணானதுதான் என்று ஒப்புக்கொண்டு, மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது.

எங்கள் பக்கத்தில் சான் ஹோசே என்ற ஊர் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவைவிட ஜனத்தொகை அதிகம், பணக்காரக் கம்பெனிகள் நிறைந்தது. சான்பிரான்சிஸ்கோ அணி அங்கே மைதானம் கட்ட யோசித்த காலத்தில், ஹாஸ் பெருந்தன்மையாக, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சம்மதம் கொடுத்தார். மக்கள் ஓட்டில் அந்தத் திட்டம் தோற்றது. திட்டம் போனாலும் உரிமை போகவில்லை! பின்னாளில் ஓக்லண்ட் அணி அங்கே போக விரும்பியபோது, "அது எங்கள் எல்லை" என்று விட மறுத்துவிட்டார்கள். சான் ஹோசே நகராட்சி 2013இல் வழக்குப் போட்டது. 2015இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. காரணம், அந்த 1922 விலக்கு.

அணி எண்ணிக்கையையும் அவர்களே கட்டுப்படுத்துகிறார்கள். மொத்தம் 30. அணி இல்லாத ஊர் நாலைந்து எப்போதும் காத்திருக்கும். அந்த ஊர்களைக் காட்டி, இருக்கிற ஊரை மிரட்டலாம். ஃப்ளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் அணியே இல்லாமல் மைதானம் கட்டி, 1990இல் திறந்து, 1998 வரை காத்திருந்தது. அந்த ஊருக்குப் போய்விடுவோம் என்று சொல்லித்தான் சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் 1988இல் மாநில அரசிடம் புது மைதானம் வாங்கியது. நம்ம ஊரில் மாப்பிள்ளை வீட்டார், "வேற இடத்துலயும் பேசிட்டிருக்கோம்" என்று சொல்வது போலத்தான்.

மனசிருக்கும் முதலாளியும் தப்ப முடியாது. சான் டியேகோ அணியை ஜோன் க்ரோக் என்ற அம்மையார், மெக்டொனால்ட்ஸ் அதிபரின் மனைவி, அந்த நகரத்துக்கே தானமாகக் கொடுக்க விரும்பினார். மற்ற முதலாளிகள் ஒப்புக்கொள்ளவில்லை. 1990இல் தனியாருக்கு விற்றார்.

எது தடுத்தது?

சரி, போகிற அணியை எதுவும் தடுத்ததே இல்லையா? இருக்கிறது. இங்கேதான் பி.காம். மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மில்வாக்கி ஊரில் பிரேவ்ஸ் அணிக்கு ஒரு காலத்தில் வருஷத்துக்கு 20 லட்சம் பேர் வந்தார்கள். ஆனாலும் 1966இல் அது அட்லாண்டாவுக்குப் போயிற்று. விஸ்கான்சின் மாநிலமே வழக்குப் போட்டுத் தோற்றது. ஆக அன்பும் தடுக்கவில்லை, அரசு போட்ட வழக்கும் தடுக்கவில்லை.

ஆனால் 1970களின் இறுதியில் ஃபின்லி ஓக்லண்ட் அணியை டென்வருக்குக் கொண்டுபோக இருந்தவரிடம் விற்கப் பார்த்தார். முடியவில்லை. மைதானக் குத்தகை பாக்கி இருந்தது. 2001இல் பேஸ்பால் முதலாளிகள் இரண்டு அணிகளை ஒழித்துவிடலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். மினசோட்டா அணி ஒழிந்துவிடும் என்று பேச்சு. அந்த மாநில நீதிமன்றம் குத்தகைப் பத்திரத்தைக் கையில் எடுத்து, "2002இல் இங்கே ஆடியே தீர வேண்டும்" என்று உத்தரவு போட்டது. திட்டம் கைவிடப்பட்டது. அந்த அணி இன்றும் அதே ஊரில் ஆடுகிறது.

நாலு பக்கக் குத்தகைப் பத்திரம், நாற்பதாயிரம் பேர் கூச்சலைவிட வலுவானது. இதுதான் நான் கண்ட பாடம். ஓக்லண்டில் அந்தக் குத்தகை 2024 கடைசியில் முடிந்தது. அணியும் முடிந்தது.

நான் போட்ட கையெழுத்து

முதலாளியை மட்டும் குறை சொல்லி முடித்தால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். 2006இல் இதே அணி எங்கள் ஃப்ரிமாண்டுக்கே வருவதாக அறிவித்தது. முதலில் என் மகன் குதித்தான். பிறகு இடத்தை மாற்றிக் குடியிருப்புப் பக்கம் யோசித்தார்கள். தெருவில் கார் நிறுத்த முடியாது, வீட்டு விலை இறங்கும் என்று அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு மனு கொண்டுவந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். 2009 பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். மகன் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. "நீயும் ஒரு காரணம்பா" என்றான்.

அவன் சொன்னதற்கு இன்றும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஊர் 'வேண்டாம்' என்று சொல்ல உரிமை உண்டு. வரிப்பணம் பள்ளிக்கூடத்துக்கா, மைதானத்துக்கா என்று கேட்பது தப்பே இல்லை. ஓக்லண்ட் நகரமும் மாவட்டமும் ஒரு கால்பந்து அணிக்காக 1995இல் மைதானத்தைப் பெரிதாக்கக் கடன் வாங்கி, அந்த அணி 2020இல் லாஸ் வேகாஸ் போன பிறகும் தவணை கட்டிக்கொண்டிருந்தன. சூடு கண்ட பூனை. ஆனாலும், எனக்குத் தேவையானபோது 'நம்ம டீம்', தெருவில் கார் நிற்கும் என்றதும் 'அவங்க டீம்' என்று நானும் பேசியிருக்கிறேன்.

கடைசி ஆட்டம்

2023 ஜூன் 13ஆம் தேதி ரசிகர்கள் ஒரு புது மாதிரிப் போராட்டம் நடத்தினார்கள். புறக்கணிப்பதற்குப் பதிலாக எல்லாரும் சேர்ந்து மைதானத்துக்குப் போனார்கள். 27,759 பேர். "அணியை விற்றுவிடு" என்று முதலாளியைப் பார்த்துக் கோஷம். அன்றைக்கே நெவாடா மாநில மேலவையில், புது மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை அரசுப் பணம் தரும் மசோதா நிறைவேறியது. நவம்பரில் முப்பது முதலாளிகளும் ஒருமனதாக ஓட்டுப் போட்டு அனுமதி கொடுத்தார்கள்.

2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை மதியம், கடைசி ஆட்டம். மகனோடும் பேத்தியோடும் போனேன். 46,889 பேர். ஓக்லண்ட் 3–2 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அணியின் மேலாளர் மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார். மைதானப் பணியாளர்கள் ஆடுகளத்து மண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். மகன் ஒரு காகிதக் கோப்பையில் வாங்கிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. முப்பத்தாறு வயது ஆம்பளை. அப்போதுதான் கன்சாஸ் சிட்டிப் பெரியவர் சொன்ன நாய்க்குட்டி எனக்குப் புரிந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

2025 பருவத்திலிருந்து அந்த அணி சாக்ரமெண்டோ பக்கத்தில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடத் தொடங்கியது. லாஸ் வேகாஸ் மைதானம் 2028இல் திறப்பதாகத் திட்டம். நடுவில் அணியின் பெயருக்கு முன்னால் எந்த ஊர்ப் பெயரும் இல்லை. வெறும் 'அத்லெட்டிக்ஸ்'. இனிஷியல் இல்லாத பெயர் போல.

ஓக்லண்ட்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2024இல் பாலர்ஸ் என்ற சிறிய அணியைக் களத்தில் இறக்கினார்கள். பெரிய லீக் அல்ல. ஆனால் ரசிகர்களே பங்கு வாங்கலாம். நிர்வாகத்தில் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாம் வருஷமே, 2025இல், தங்கள் லீக்கில் பட்டமும் வாங்கினார்கள். மகன் ஒரு பங்கு வாங்கினான். பத்திரத்தை என்னிடம் காட்டி, "இப்ப பாருப்பா, பேப்பர்ல நம்ம பேர் இருக்கு" என்றான்.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் உண்டு. ஒன்றை 'நம்முடையது' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், தப்பில்லை. அப்படிச் சொல்ல ஆள் இல்லாத ஊர் ஊரே அல்ல. ஆனால் ஒருமுறையாவது பத்திரத்தை வாங்கி, யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை என்று படித்துப் பாருங்கள். நமது வணிகவியல் ஆசிரியர்கள் முதல் வருஷமே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் புரிய நாற்பது வருஷம் ஆயிற்று.

சந்திப்பில் பார்ப்போம்.